மலடி என்னும் பழி
தோட்டமாயினும் பட்டணமாயினும், குழந்தையில்லாக் குறைக்கு மருத்துவரைக் காண மாமியார் துணையோடு செல்பவள் மருமகள் மட்டுமே. கணவன் வேலைக்குப் போய்விடுகிறான். இது என்ன நியாயம்? கருத்தடையின்றி ஓராண்டு வாழ்ந்தும் கருத்தரிக்காவிடில் (மனைவி 35 வயதைக் கடந்தவரெனில் 6 மாதத்திலேயே) இருவரும் செல்லவேண்டும். ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடம் ஆணின் குறைக்கும் பங்குண்டு என்கிறது மருத்துவம். ‘மலடி’யை நாவில் வைத்திருக்கும் சமுதாயம் ‘மலடனை’ அகராதியில் உறங்கவிட்டது!

அவள் மாதவிலக்கு நாள்களைக் குறித்துச் செல்கிறாள், நன்று. அவன் சொல்லவேண்டியவை? உண்ணும் மருந்துகள், புகைப்பழக்கம், பருவமெய்தியபின் கண்ட பொன்னுக்குவீங்கி. விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றம் தவிர்த்தால் போதும், கத்தியுமில்லை, வலியுமில்லை. அவளுக்குரிய சினைக்குழாய்ச் சோதனையோ வலி தரக்கூடியது. எளியதற்கு அவன் நாணுவதால், அவ்வலியை அவள் முதலில் ஏற்கிறாள்.