முன்னோடிகளின் பெயரா, வழியா?

தொழில்வழிச் சிகிச்சை என்பது நோயாளரைப் பாசி கோக்கவும் பாய் பின்னவும் வைக்கும் பொழுதுபோக்கு என்றே கற்றோருட் பலர் கருதுகின்றனர். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாதோர் ஒதுங்குமிடம் என்ற இளக்காரமும் உண்டு. இவ்விழிவைத் துடைக்கும் கடமை முதற்கண் அத்துறையைப் பயில்வோருக்கே உரியது.

ஈண்டுத் ‘தொழில்’ என்பது கூலிக்குச் செய்யும் வேலை மட்டுமன்று. குளித்தல், உடுத்தல், உண்ணல், உழுதல், பிள்ளையைத் தூக்குதல் என ஒருவரின் நாளை நிரப்பும் செயல் யாவும் தொழிலே. இயன்மருத்துவம் தசைக்கும் மூட்டுக்கும் வலுவூட்டும். அவ்வலுவைக்கொண்டு அவர் தம் வாழ்வுக்கு மீள வழிசெய்வது தொழில்வழிச் சிகிச்சை.

இதன் முன்னோடிகள் யாவர்? 1917 இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இத்துறைக்கான சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்லர், கட்டடக் கலைஞர். இடப்பக்கம் செயலிழந்தபின் தோட்ட வேலையாலும் தச்சு வேலையாலும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர். அவருடன் நின்ற எலினர் கிளார்க் ஸ்லேகிள், மனநோயாளரின் குலைந்துபோன அன்றாடப் பழக்கங்களை மீள நிலைநிறுத்தும் முறையை வகுத்தார். அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர், பிலடெல்பியாவில் இக்கலையைக் கற்று, 1950 இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதற் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952 இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது இந்தியா அதன் தொடக்க உறுப்பு நாடுகளுள் ஒன்றாயிற்று.

இவர்களிடம் கற்கவேண்டியது யாது? பரீட்சைத் தாளில் எழுதும் பெயரும் ஆண்டுமா? அன்று. நோயிலிருந்து தொடங்காது, நோயாளரின் வாழ்விலிருந்து தொடங்கும் வழியே அவர்கள் விட்டுச் சென்ற செல்வம்.

அவ்வழி மறக்கப்படின் நேர்வது என்ன என்பதற்கு மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமையை நோக்குக. பழைய நகரம், அம்பன் கங்கையின் கிளையாறான களுகங்கையை மறித்த நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. புதிய நகரம் திறக்கப்பட்டது. வயலும் வாசலும் இடம்மாறிய அவ்வூரில், பாரிசவாதத்தால் வலக்கை சோர்ந்த கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வைத்தியசாலையில் அவருக்கு இடக்கையாற் கரண்டி பிடிக்கப் பழக்கி, ‘தேறினார்’ என்று ஏட்டில் எழுதி அனுப்பிவிடலாம். வீட்டிலோ பிசைந்து உண்ணும் சோறு. இடக்கையால் உண்ண நாணி, விருந்தினர் முன் அவர் பசித்திருப்பார். குந்தும் மலசலகூடமும் உயர்ந்த வாசற்படியும் வழுக்கும் வரப்பும் பயிற்சியறை அறியாதவை. ஏடு தேறியது, மனிதர் தேறவில்லை.

ஆளணி போதாதபோது ஊர்தோறும் செல்வது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும், செல்ல இயலாதவரும் கேட்க இயலும் அன்றோ? படி எவ்வளவு உயரம்? குளிப்பது கிணற்றிலா, ஆற்றிலா? விடிந்ததும் முதலிற் செய்யும் வேலை எது? இவற்றைக் கேட்கக் கருவி வேண்டா, செவி போதும். விடை கிடைத்தபின் சுவரில் ஒரு கைப்பிடியும், குந்துமிடத்தில் நடுவே துளையிட்ட ஒரு நாற்காலியும் அமைக்க ஊர்த் தச்சரே போதும்.

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இன்று இத்துறைக்குப் பட்டப்படிப்பு உண்டு. பட்டம் பதவியைத் தரும். மதிப்பைத் தருவது பணியே. சோர்ந்த கையொன்று நாணமின்றித் தன் கவளத்தை எடுக்கும் நாளில் இத்துறையின்மீதான இளக்காரம் தானே ஒழியும்.