ராத்திரி மூணு மணி கரண்ட்

போன மாசம் சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் திருப்புட்குழிக்கு வந்திருந்தார். மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து இளநீர் குடிச்சுக்கிட்டே, "ஸ்மார்ட் மீட்டர், ஸ்மார்ட் கிரிட்னு சொல்றாங்களே, உங்க பக்கமெல்லாம் எப்போ வரும்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் பாதி வேலையை நாங்க பல வருஷமா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு செய்துட்டுதான் இருக்கோம்.

விஷயம் ரொம்ப எளிது. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கிற மாதிரி மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைப்பது கஷ்டம். இந்த நொடியில் எவ்வளவு செலவாகுதோ, அவ்வளவும் இந்த நொடியிலேயே உற்பத்தி ஆகணும். எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டா தாங்காது. யாராவது தள்ளிப் போட்டுக்கணும். அந்த "யாராவது" பெரும்பாலும் விவசாயிதான். எங்க மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேணும். பல வருஷம் அது பகலில் 6 மணி நேரம், ராத்திரியில் 3 மணி நேரம் என்று முறை வெச்சுதான் வந்தது.

ராத்திரி முறைன்னா, டார்ச்சும் கையுமா வரப்பில் நடக்கணும். சொர்ணவாரிப் பட்டத்தில் ஒரு ராத்திரி மடை திருப்பப் போன என் சித்தப்பாவைக் கண்ணாடிவிரியன் கடிச்சுது. பிழைச்சுட்டார்; கால் மட்டும் பழையபடி ஆகலை.

அதுக்குப் பயந்து ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடும். ஆனா ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒண்ணா கிளம்பினா வோல்டேஜ் படுத்துடும், காயில் எரியும். வயல் நிறைஞ்ச பிறகும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். உடனே, "இலவசம்தானே, வீணடிக்கிறாங்க" என்று பேச்சு வரும். 1990-லிருந்து எங்க எல்லாருக்கும் இலவச மின்சாரம் என்பது உண்மை. 2016-லிருந்து உங்க வீட்டுக்கும் இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான். எங்க ஊரில் தண்ணி வீணாகிறதுக்கு நேரங்கெட்ட நேரத்தில் வர்ற கரண்டும் ஒரு காரணம்.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை அவ்வளவு போனதில்லை. இப்போ பகலில் சூரிய மின்சாரம் நிறைய வருது. பொழுது சாய்ஞ்சதும் அது நின்னு போகுது. ஆனா அப்போதான் வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறுது. அதனாலதான் 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, வெயில் நேர மின்சாரத்துக்கு விலை குறைவு, உச்ச நேரத்துக்கு அதிகம் என்கிறது. விவசாயத்துக்கு இந்த விதி கிடையாது. சரிதான், பில்லே கட்டாதவனை விலையை வெச்சு நகர்த்த முடியாது. நேரத்தை வெச்சு நகர்த்தலாம். குஜராத்தில் 2020-லேயே விவசாயிக்குப் பகல் மின்சாரம் கொடுக்க ஒரு திட்டம் தொடங்கிட்டாங்க.

நான் கேட்கிறதும் அதுதான். மும்முனை மின்சாரத்தை வெயில் நேரத்தில், ஃபீடர் ஃபீடரா முறை வெச்சுக் கொடுங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு வரும்னு முந்தின நாளே போனுக்கு ஒரு செய்தி அனுப்புங்க. சொன்ன நேரத்துக்கு வந்தா ஆட்டோ ஸ்டார்ட்டரை நாங்களே கழட்டிடுவோம்.

பட்டணத்து நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாஷிங் மெஷினையும் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரையும் முடிஞ்சா பகலிலேயே போட்டுடுங்க. இத்தனை வருஷம் உங்களுக்காக நாங்க ராத்திரிக்குத் தள்ளிப் போனோம். இனி கொஞ்சம் நீங்களும் பகலுக்கு வாங்க.