மலைக்குச் சைக்கிளில் வருபவர்களும் நம் பிள்ளைகளும்



கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ டிரெய்ல் பாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகள்தான். நடக்க வருபவர்களோடு கியர் சைக்கிள்காரர்களும் ஹப்புத்தளை, எல்ல பக்கம் வருகிறார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் பொதிகளோடு ஒரு வேன். அந்த வழிகாட்டி நம்ம ஊர்ப் பிள்ளையாக இருப்பது அபூர்வம்.

நம் பிள்ளைகள் ஓ/எல் எழுதியதும் பாஸ்போர்ட் எடுக்க ஓடுகிறார்கள். எந்த வளைவில் சரளைக்கல் சறுக்கும், பகல் இரண்டு மணிக்குப் பின் மூடுபனி எங்கே இறங்கும், மழை நாளில் எந்த மண்மேடு சரியும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்த அறிவுக்குத்தான் வெளிநாட்டுக்காரர் காசு கொடுக்கிறார். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் சூடாகிப் பிடிப்புக் குறையும். அதை முன்கூட்டியே சொல்ல ஒருவர் வேண்டும். பஞ்சர் ஒட்டவும், அறுந்த செயினைக் கோர்க்கவும், காயத்துக்குக் கட்டுப்போடவும் தெரிந்தவர் வேண்டும். (இந்தப் பாதைகளில் தலைமுறைகளாக உழைத்த தோட்டத்து மக்களின் பிள்ளைகளுக்கே இதில் முதல் உரிமை. அவர்களோடு சேர்ந்து நம்மவர்களும் போகட்டும் என்கிறோம்.)

“தொழுகை என்னாகும்? சாராயம் குடிப்பவர்களோடு போக வேண்டுமே?” என்று உம்மாமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கே, எப்போது நிற்பது என்பதைப் பெரும்பாலும் வழிகாட்டிதான் தீர்மானிக்கிறார். ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் பள்ளிவாசல் இருக்கிறது, லுஹருக்கு இறங்கலாம். கட்டாரில் ஹோட்டல் வேலைக்கு அனுப்பும்போது இதே கேள்வியை நாம் கேட்பதில்லையே!

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. பிரதேச வழிகாட்டி என்று தனி வகையும் உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது இங்கிலீஷ். எழுத வரும், பேச வராது. பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலைப் பழைய மாணவர்களும் சேர்ந்தால் சனி, ஞாயிறில் ஒரு பேச்சு வகுப்பும் முதலுதவிப் பயிற்சியும் நடத்தலாம். வகுப்பெடுக்க நாங்கள் தயார். சைக்கிள் திருத்தத் தெரிந்த நானாமார் இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இந்த ஜும்ஆவுக்குப் பிறகு எங்களைச் சந்தியுங்கள்.