வயலை விற்காமல் தங்கைக்குப் பங்கு

நியூஜெர்சியில் என் வீட்டுவரி ரசீதில் பள்ளிக்கூடம், நூலகம் என்று வரும் இனங்களோடு ‘திறந்தவெளி’ என்று இரண்டு இனங்கள் இருக்கும். ஒன்று கவுன்ட்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி), இன்னொன்று ஊருக்கு. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு இருநூறு, முந்நூறு டாலர் வரும். அதில் ஒரு பங்கு, நிலத்தில் கட்டடம் கட்டும் உரிமையை அரசுக்கு விற்கும் விவசாயிகளுக்குப் போகிறது. வரி என்றாலே முனகுகிற ஆள் நான். இதற்கு மட்டும் முனகியதில்லை.

1983-ல் வந்த சட்டம் இது. நிலம் விவசாயியுடையதே. உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். மனை போட முடியாது, குடோன் கட்ட முடியாது. பத்திரத்தில் பதிவாகிவிடுவதால் நாளை வாங்குபவரும் மீற முடியாது. வில்லங்கச் சான்றிதழில் என்றைக்கும் நீங்காத பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனையாகப் போனால் ஏக்கர் இருபதாயிரம் டாலர், வயலாகவே இருந்தால் எட்டாயிரம் என்று மதிப்பீட்டாளர்கள் சொன்னால், நடுவிலுள்ள பன்னிரண்டாயிரத்தை மாநிலமும் கவுன்ட்டியும் ஊரும் பகிர்ந்து கொடுக்கும். இப்படி இதுவரை சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர் காப்பாற்றப்பட்டிருக்கிறது. மாநிலத்தில் மிஞ்சியிருக்கும் விளைநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பலன் தெரிய கிரான்பரி என்ற ஊருக்குப் போனால் போதும். ரூட் 130 சாலைக்குக் கிழக்கே, டர்ன்பைக் சுங்க நெடுஞ்சாலையை ஒட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் குடோன்கள். மேற்கே வயல்கள்.

கோடையில் நாங்கள் சோளக்கதிர் வாங்குவது ஒரு சாலையோரத் தோட்டத்தில். மரமேசையில் கதிர்கள் குவிந்திருக்கும். காசைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். அறுபதைத் தாண்டிய அந்த விவசாயியிடம், உரிமையை விற்ற பணத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அப்பா இறந்ததும் அரிசோனாவில் இருக்கும் தங்கை பங்கு கேட்டாளாம். “அவள் கேட்டதில் என்ன தப்பு? ஆனால் என்னிடம் நிலம்தான் இருந்தது, பணம் இல்லை” என்றார். வந்த பணத்தில் தங்கையின் பங்கைத் தீர்த்தார், டிராக்டர் கடனை அடைத்தார். நிலம் துண்டாகவில்லை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா காலமானபோது இதே கணக்குதான் வந்தது. மூன்று மகன்களில் ஒருவர் மட்டும் விவசாயம். மற்றவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பைபாஸ் வந்தபின் மனை விலையில் பங்கு கேட்டார்கள். நெல் விற்று அந்தத் தொகையை யாரால் கொடுக்க முடியும்? குறுவை நின்ற வயலில் இன்று மஞ்சள் கல் நட்டிருக்கிறது, முகப்பில் வளைவு, உள்ளே ‘நகர்’. அண்ணன் தம்பிகளைத் திட்டி என்ன பயன்?

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் உண்டு. எண்ணெய்க் கிணறு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை எல்லாவற்றுக்கும் புதிதாக இடமில்லை என்றது. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. சேர்த்திருந்தாலும் பாகப்பிரிவினைக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஊருக்கெல்லாம் சோறு வேண்டும் என்று ஒருவர் நிலத்தை மட்டும் பூட்டுவது நியாயமாகாது. பூட்டினால் விலையைக் கொடுக்க வேண்டும்.

நியூஜெர்சி ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. உரிமை போன நிலத்தைப் பணக்காரர்கள் வாங்கிப் பண்ணைவீடாக அனுபவிக்கிறார்கள். பேருக்குக் கொஞ்சம் வைக்கோற்புல், நாலு குதிரை. மாசசூசெட்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே நிலம் கைமாறும்போது வேளாண் விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமையையும் அரசு பத்திரத்தில் எழுதிக்கொள்கிறது. டெல்டாவில் நாம் தொடங்கினால் அந்த நிபந்தனையோடு தொடங்கலாம்.

பணத்துக்கு, டெல்டாவில் பதிவாகும் ஒவ்வொரு மனையின் முத்திரைத் தீர்வையிலும் ஒரு பகுதியை ஒதுக்கலாம். மனை வாங்குபவர்களில் என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும் நிறைய, கொடுக்கட்டும். முதலில் பைபாஸை ஒட்டிய, வாய்க்கால் தண்ணீர் இன்னும் ஏறிப்பாயும் வயல்களை எடுக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போதே தாலுகா ஆபீசில் இப்படியொரு வழி இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். புரோமோட்டர் பதினாறாம் நாள் காரியத்துக்கே வந்துவிடுகிறார்.