அமெரிக்க அரசே, எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?

எங்கள் பங்கு வேலையை முடித்துவிட்டோம். மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து வேலி போட்டாயிற்று. மாடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பதித்தாயிற்று. அறுவடை முடிந்த வயலில் மண் பறக்காதபடி மூடுபயிர் விதைத்தாயிற்று. அத்தனையும் வங்கிக் கடனில். ரசீதுகளையும் கொடுத்தாயிற்று. பணம் எங்கே?

இதெல்லாம் நாங்களாக இழுத்துவிட்டுக்கொண்ட செலவா? ஒக்லஹோமாவின் மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் வயல்வரைக்கும் மண்பாதுகாப்புத் துறையின் கவுண்டி அலுவலகத்து ஆள் வந்தார். நடந்து பார்த்தார், திட்டம் போட்டார். இன்ன அளவில், இன்ன தரத்தில் செய்தால் செலவில் பெரும்பங்கைத் தருவோம் என்று அரசின் பேரில் ஒப்பந்தம் எழுதினார். முதலில் நாங்கள் செலவழிக்க வேண்டும். அவர்கள் அளந்து சரிபார்த்த பிறகே காசு. நம்பி இறங்கினோம்.

2022-ல் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் வழியே இந்த வேலைகளுக்கென்று சுமார் 1,950 கோடி டாலரை ஒதுக்கினீர்கள். 2025 ஜனவரி 20 அன்று, புதிய அதிபர் பதவியேற்ற நாளிலேயே, அந்தச் சட்டத்தின் பணத்தை நிறுத்திவைக்க உத்தரவு! புது ஆட்களுக்குக் கிடையாது என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்போம். கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் சேர்த்தல்லவா பூட்டுப் போட்டீர்கள்? சோள விதைக்கும் உரத்துக்கும் பணம் புரட்டுகிற மாதங்கள் அவை. அரசாங்கம் மாறிவிட்டது என்று சொன்னால் வங்கி தவணையைத் தள்ளிவைக்குமா?

ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 20 அன்று, முதல் கட்டமாக விடுவித்தது சுமார் 2 கோடி டாலர். நாடு முழுவதற்கும்! அதே மாதத்தில்தான், எங்கள் வேலையை வந்து பார்க்கவேண்டிய மண்பாதுகாப்புத் துறையில் தகுதிகாண் பருவத்து ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அளக்காமல் காசில்லை என்பது உங்கள் விதி. அளக்க ஆளில்லாமல் செய்ததும் நீங்களே.

ஒப்பந்தத்தை நாங்கள் மீறியிருந்தால்? வாங்கியதை வட்டியோடு கட்டு என்பீர்கள், அதற்கு மேல் இழப்பீடும் கேட்பீர்கள். நீங்கள் மீறினால், பரிசீலிக்கிறோம், பொறுங்கள் என்று ஒரு பதில். பொறுத்திருந்த மாதங்களுக்கு வட்டி கட்டுவது யார்?

பசுமைத் திட்டங்களை ஒழிக்கிறோம் என்று மார்தட்டுகிறீர்கள். வேலிக்கம்பத்துக்கு ஏது கட்சி? உங்களுக்கு ஓட்டுப் போட்டவன் நிலத்திலும் அதே வேலிதான் நிற்கிறது.

1935 ஏப்ரல் 14. எங்கள் பாட்டன்மார் பகலில் விளக்கேற்றிய நாள். எழுந்து வந்த புழுதியில் வானமே இருண்டது. கறுப்பு ஞாயிறு என்று இன்றும் அதைச் சொல்கிறோம். உழுது உழுது மண்ணைக் கெடுத்தோம், ஒப்புக்கொள்கிறோம். அந்தக் கிலியில்தான் அதே மாதக் கடைசியில் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஹியூ பென்னட் தலைமையில் ஒரு துறையும் அமைந்தது. சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரல் 14 அன்று, பருவநிலைக்கு உகந்த விளைபொருள்களுக்கான 310 கோடி டாலர் திட்டத்தை ரத்து செய்தீர்கள். தேதியாவது நினைவிருந்ததா?

மறுநாள் ரோட் ஐலண்டில் ஒரு நீதிபதி, ஜனவரியில் நீங்கள் நிறுத்திவைத்த, ஏற்கெனவே ஒப்புதல் தந்த நிதியை விடுவிக்க உத்தரவிட்டார். பேசியபடி கொடு என்று ஒரு வல்லரசுக்குச் சொல்ல நீதிமன்றம் வேண்டியிருந்தது!

இனி உங்கள் ஆள் காகிதத்தோடு வந்தால் எந்த விவசாயி பேனாவை எடுப்பான்? முதலில் பாக்கியைத் தீருங்கள். எங்களிடம் கேட்பீர்களே, அதேபோல வட்டியோடு தீருங்கள்.