பச்சை வயலில் பட்டினி

"தஞ்சாவூர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. தேன் மட்டும் மார்த்தாண்டத்திலிருந்து வருவானேன்?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு அம்மாள்.

நியாயமான கேள்விதான். மார்த்தாண்டத்தில் ரப்பர் மரத்தின் இளந்தளிரிலேயே தேன் சுரக்கிறது. நம் நெற்பூவிலோ ஒரு துளியும் கிடையாது. காற்றில் உதிரும் மகரந்தமே அதற்குப் போதும். தேனீயை விருந்துக்கு அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல் இருந்தும், தேனீக்கு அது பந்தி போடாத கல்யாண வீடு!

பின்னே, காவிரிக் கரைத் தேனீ எப்படிப் பிழைக்கிறது? நெல் அறுத்த பிறகுதான் அதற்கு நல்ல காலம் பிறக்கிறது. மாசியில் உளுந்தும் பயறும் பூக்கும். அப்புறம் எள்ளுப் பூ. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும், வைகாசியில் புளி. கொல்லை முருங்கையும் தன் பங்குக்குப் பூத்துக் கொட்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கஷ்டம். பூ சொற்பம், இருக்கிற பூவையும் மழை கழுவிவிடும். அப்போது கை கொடுப்பது வருஷம் முழுவதும் பாளை விடும் தென்னை. 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. தேங்காய் போயிற்று என்று நாம் அழுதோம். தேனீக்கும் அன்று சோறு போயிற்று என்பதை யார் நினைத்தோம்?

"தேனீ பட்டினி கிடந்தால் நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். பூசணியிலும் வெள்ளரியிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி, வெம்பி உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என்று நாம் உரத்தைக் கொட்டிக்கொண்டிருப்போம்!

பட்டணத்து மாடியிலும் நம்மால் ஆனதைச் செய்யலாம். துளசிக் கதிரையெல்லாம் கிள்ளிவிடாமல், ஒரு செடியையாவது பூக்க விடுங்கள். பூத்த செடிக்கு மருந்து தெளிக்காதீர்கள். தெளித்தே தீரவேண்டுமென்றால் பொழுது சாய்ந்து, தேனீக்கள் கூடு திரும்பியபின் தெளியுங்கள். வெயில் காலத்தில் ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். முழுகாமல் உட்கார்ந்து குடிக்கும்.

அடுத்த வீட்டு அம்மாள் அன்று சாயங்காலமே தன் துளசி மாடத்தைப் போய்ப் பார்த்தாள். "நேற்றுத்தான் கதிரையெல்லாம் கிள்ளினேன்" என்றாள் வருத்தத்தோடு.

போகட்டும். துளசி மறுபடி கதிர் விடும். அதை விட்டுவைத்தால் போதும்.