கடல் பார்த்த வீடுகள் யாருடையவை?

நம் இலக்கிய இதழ்களில் வெளிவரும் ஐரோப்பியப் பயணக் கட்டுரைகளுக்கென்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. ஸ்பெயினின் கடற்கரை ஊர் என்றால் அந்த வாய்பாடு இன்னும் இறுகிவிடுகிறது. சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள், சன்னலோரத் தொட்டிச் செடிகள், நண்பகல் உறக்கத்தில் ஆழ்ந்த தெரு, கறுப்புடையில் வாசலில் அமர்ந்திருக்கும் ஒரு கிழவி, இரவு பத்து மணிக்குத் தொடங்கும் விருந்து, பின்னணியில் மத்தியதரைக் கடல். கட்டுரை முடிவதற்குள் எழுதியவர் தம்மைத் தாமே கண்டடைந்துவிடுவார். இடையில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: தாம் சுற்றுலாக்காரர் அல்லர், பயணி. பேருந்தில் கும்பலாக வந்திறங்கிப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் வேறு, பழைய தெருவில் ஒரு மாதம் வீடெடுத்துத் தங்கி ஊரின் ஆன்மாவை உணர்ந்த தாம் வேறு என்பது அதன் பொருள்.

எனக்குச் சண்டை இந்த வாக்கியத்தோடுதான்.

2024 ஏப்ரல் 20 அன்று கனாரித் தீவுகளில் பல்லாயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி, தங்கள் தீவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்று முழங்கினர். அதே ஆண்டு ஜூலை 6 அன்று பார்சலோனாவில் ஊர்வலம் போனவர்களில் சிலர் உணவக மேசைகளில் அமர்ந்திருந்த வெளிநாட்டவர்மீது விளையாட்டுத் துப்பாக்கிகளால் தண்ணீர் பீய்ச்சினர். மயோர்க்காவின் பால்மா நகரிலும் அந்தக் கோடையில் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. அவ்வாண்டில் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையோ 5 கோடிக்கும் குறைவு.

தண்ணீர் பீய்ச்சிய படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. நம்மவர்களில் ஒரு சாரார், "சோறு போடுகிற விருந்தினரையே விரட்டுகிறார்களே, இது நன்றிகெட்டதனம்" என்றனர். இன்னொரு சாரார், "மலிவு விமானத்தில் வந்து குடித்துக் கூத்தடிக்கும் கும்பலுக்கு இது தேவைதான்" என்றனர். இரண்டாம் சாராரின் குரலில் இருந்த நிம்மதியைக் கவனிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் தம்மீது படாது என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அவர்கள்தாம் பயணிகள் ஆயிற்றே.

உண்மையில் அது முதலில் பட வேண்டியது அவர்கள்மீதுதான். பேருந்தில் வந்திறங்குகிற கும்பல் பெரும்பாலும் விடுதியில் தங்குகிறது. விடுதி என்பது தங்குவதற்காகவே கட்டப்பட்ட கட்டடம்; அதில் எவரும் குடியிருந்ததில்லை. விடுதியை இகழ்ந்து, 'ஊர்மக்களோடு ஊர்மக்களாக' வாழ விரும்புகிற நமது பயணியோ, பழைய தெருவில் ஒரு குடியிருப்பை இணையத்தில் தேடி எடுக்கிறார். அந்த வீட்டில் நேற்றுவரை ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்திருக்கும். ஆண்டு முழுவதும் அவர்கள் தந்த வாடகையைக் கோடையின் சில வாரங்களிலேயே ஈட்ட முடியும் என்று கண்ட உரிமையாளர் அவர்களை வெளியேற்றியிருப்பார். ஊரின் ஆன்மாவைத் தேடி வந்தவர், அந்த ஆன்மா படுத்துறங்கிய கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் தேடுகிறார்.

இந்தக் கோபம் புதியதுமன்று. பார்சலோனாவின் பழைய மீனவர் பகுதியான பார்சலோனெட்டாவில் 2014 ஆகஸ்டிலேயே குடியிருப்போர் சுற்றுலாக் குடியிருப்புகளுக்கு எதிராக நாள்கணக்கில் தெருவில் நின்றனர். பத்தாண்டுகள் கழித்து, 2024 ஜூனில், சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு நீட்டிக்கப் போவதில்லை என்று அந்நகர மேயர் ஜவுமே கொல்போனி அறிவித்தார். ஐந்து லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கும் அயல்நாட்டவருக்கு வதிவிட உரிமை தரும் திட்டத்தை 2013-இல் கொண்டுவந்த ஸ்பெயின், 2025 ஏப்ரலில் அதை முடித்துக்கொண்டது. இபிசாத் தீவில் பருவகாலத் தொழிலாளர்கள் வண்டிகளிலும் கூடாரங்களிலும் உறங்குகிறார்கள். ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும்கூட அங்கே வீடு கிடைப்பது அரிது. வழக்கு விருந்தோம்பலைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது.

*

இதில் இலக்கியத்தின் பங்கைப் பேசாமல் நழுவ முடியாது. 1838-39 குளிர்காலத்தில் ஜார்ஜ் சாண்ட் தம் குழந்தைகளோடும் இசைமேதை ஷோபெனோடும் மயோர்க்காவின் வல்தெமோசா மடாலயத்தில் தங்கினார். 1842-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். தீவின் இயற்கையை வானளாவப் புகழ்ந்தார். தீவின் மக்களை வாய்க்கு வந்தபடி இகழ்ந்தார். கடல் வேண்டும், மலை வேண்டும், ஒலிவ மரம் வேண்டும், மனிதர்கள் மட்டும் வேண்டாம் என்ற மனநிலையின் முதல் சாசனம் அந்நூல். இன்று அதே வல்தெமோசாவில் அவர்கள் தங்கிய அறையைக் காட்டிக் கட்டணம் வாங்குகிறார்கள். தம்மை இகழ்ந்த நூலைத் தாமே விற்றுப் பிழைக்கும் நிலைக்கு ஓர் ஊரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு இலக்கியப் புகழ் போதுமானதாக இருந்திருக்கிறது.

ராபர்ட் கிரேவ்ஸ் 1929-இல் அதே தீவின் தெயா கிராமத்துக்குப் போனார். உள்நாட்டுப் போரும் உலகப் போரும் நடந்த இடைக்காலம் நீங்கலாக 1985-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவ்வூர்க் கல்லறையிலேயே புதைக்கப்பட்டார். அவர் நேர்மையான குடியிருப்பாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மலிவான வாழ்க்கையையும் அமைதியையும் தேடிக் கவிஞர்கள் போன அந்த ஊரில் இன்று கவிஞன் எவனும் வீடு வாங்க முடியாது. 1930-இல் சால்வதோர் தாலி மீனவக் குடிசையொன்றை வாங்கிக் குடியேறிய போர்ட் ல்யிகாத், இன்று முன்பதிவு செய்து பார்க்க வேண்டிய அருங்காட்சியகம். முதலில் கலைஞன் வருகிறான், பிறகு கலைஞனைப் பார்க்க வருகிறவர்கள், அதன் பிறகு மனை விற்பவர்கள். நாம் முதலாம் வரிசையில் நின்றுகொண்டு மூன்றாம் வரிசையைத் திட்டுகிறோம்.

இதைத் தெரிந்தே எழுதியவர் நார்மன் லூயிஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோஸ்தா பிராவாவின் ஒரு மீனவ ஊரில் சில கோடைகளைக் கழித்த அவர், ஊருக்குப் ஃபரோல் என்று மாற்றுப்பெயர் இட்டு 1984-இல் நூலாக்கினார். அன்றைய மீன்வேட்டையை மதுக்கூடத்தில் செய்யுளாகவே சொல்லும் மீனவர்கள் அதில் வருகிறார்கள். சில ஆண்டுகளுக்குள் முதலாளி ஒருவர் வருகிறார், வீடுகள் கைமாறுகின்றன, மீனவர்கள் பணியாளர்கள் ஆகிறார்கள். பெயரை மறைத்ததில் ஓர் அறம் இருக்கிறது. நாமோ கட்டுரையின் கீழே விடுதியின் முகவரியையும் தருகிறோம்.

*

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுற்றுலா வருவதற்குமுன் அந்தக் கரை பொன்னுலகமாக இருந்ததா? இல்லை. ஹுவான் கொய்திசோலோ 1960-இல் வெளியிட்ட நீஹார் பயண நூல், அல்மேரியாக் கரையின் வறுமையை ஈவிரக்கமின்றிக் காட்டுகிறது. அதுவும் பயண நூல்தான். ஆனால் கடலின் அழகில் அது மயங்கவில்லை. அந்த வறுமை திரும்ப வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுற்றுலாவினுடையது என்னும்போது, அந்த வருவாயில் ஈட்டியவர்களுக்கு அதே ஊரில் ஒரு கூரை உண்டா என்பதே கேள்வி.

நமது அழகுணர்ச்சி இந்தக் கேள்விக்கு உதவவும் செய்யாது. இலக்கியவாதிகள் எல்லோரும் சேர்ந்து வெறுக்கும் ஊர் பெனிதோர்ம். மீனவர்களும் மாலுமிகளும் வாழ்ந்த அச்சிற்றூர் 1956-இல் நகரத் திட்டம் வகுத்துக்கொண்டு வானை நோக்கி வளர்ந்தது. 2002-இல் திறக்கப்பட்ட அதன் பாலி விடுதியின் உயரம் 186 மீட்டர். அசிங்கம் என்கிறோம். ஆனால் சிறிய நிலப்பரப்பில் அடுக்கி நிற்கும் அந்தக் கோபுரங்கள், குன்றெங்கும் நீச்சல் குளங்களோடு பரவிக் கிடக்கும் அழகிய தனிவீடுகளைவிட ஆளொருவருக்கு மிகக் குறைந்த மண்ணையும் நீரையுமே எடுத்துக்கொள்கின்றன என்று நகரியல் அறிஞர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். கண்ணுக்கு அழகானது ஊருக்கு நல்லது என்ற நம் எண்ணத்தில் அடிப்படை ஏதுமில்லை.

அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் யார் என்பதையும் நம் கட்டுரைகள் கேட்பதில்லை. அதே அல்மேரியாவில் எல் எஹிதோவைச் சுற்றி முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் நெகிழிக் கூரைகள் விரிந்து கிடக்கின்றன. ஐரோப்பாவின் தக்காளியையும் மிளகாயையும் அவற்றின் அடியில் விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் மொராக்கோவிலிருந்தும் சகாராவுக்குத் தெற்கிலிருந்தும் வந்த கூலிகள். 2000 பிப்ரவரியில் அவர்களைத் தேடித்தேடித் தாக்கினார்கள். கனாரித் தீவுகளில் ஊர்வலம் நடந்த அதே 2024-இல், மரப்படகுகளில் அத்தீவுகளை உயிரோடு எட்டியவர்கள் 46,000-க்கும் மேற்பட்டோர். அவர்களும் கடல் பார்க்க வந்தவர்கள் அல்லர். பயணி, சுற்றுலாக்காரர் என்ற இரண்டு சொற்களிலும் அடங்காத இவர்களுக்கு நம் பயண இலக்கியத்தில் ஒரு பத்திகூட இல்லை.

பொலான்யோவை இங்கே கொண்டாடாத சிற்றிதழ் இல்லை. அவர் 1985 முதல் வாழ்ந்த பிளானெஸ், கோஸ்தா பிராவா தொடங்கும் கடற்கரை ஊர். அங்கே அவர் மலிவு நகைக் கடை நடத்தினார். அதற்கு முன் கூடாரத் திடலொன்றில் இரவுக் காவலராக இருந்தார். பயணிகள் உறங்கும்போது விழித்திருந்த அந்தக் காவலரின் கண்ணால் நாம் ஏன் ஒருமுறையும் கடற்கரை ஊரைப் பார்ப்பதில்லை? அவ்வூரின் மொழி கத்தலான் என்பதையும், பிராங்கோ ஆட்சியில் அம்மொழி பொதுவாழ்விலிருந்து விலக்கப்பட்டிருந்தது என்பதையும் மொழிக்காகப் போராடிய நாமே குறிப்பிடாமல், 'ஸ்பானிய இனிமை' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம்.

திணை மரபில் பயின்றவர்களுக்கு இந்தக் கோளாறு எளிதில் விளங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மக்கள், தொழில், உணவு, புள் எல்லாம் கருப்பொருள். உரிப்பொருள் இவற்றின் நடுவே நிகழ்வது. பரதவரும் மீனும் உப்பும் இல்லாத நெய்தல் இல்லை. நமது பயணக் கட்டுரையோ முதற்பொருளை வைத்துக்கொண்டு, கருப்பொருளைக் காலி செய்துவிட்டு, அங்கே தன் சொந்த உரிப்பொருளைக் குடிவைக்கிறது. வீட்டுரிமையாளர் குடும்பத்தை அனுப்பிவிட்டுப் பயணியைக் குடிவைப்பதும் இதே செயல்தான். ஒன்று எழுத்தில் நடக்கிறது, மற்றது தெருவில்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போய் வந்து எழுதுங்கள். வாடகை எவ்வளவு, அதை யார் தந்துகொண்டிருந்தார் என்று கேட்டு எழுதுங்கள். ஸ்பெயினின் விடுதிகளில் அறை துடைக்கும் பெண்கள் 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் அமைப்பாகத் திரண்டு, கூலிக்கும் முதுகுவலிக்கும் நியாயம் கேட்டு வருகிறார்கள். நீங்கள் கடலைப் பார்க்கப் போயிருந்த வேளையில் உங்கள் படுக்கையை விரித்துவிட்டுப் போனவர் அன்றிரவு எந்த ஊரில், எத்தனை பேரோடு படுத்தார் என்பதை விசாரித்து எழுதுங்கள். அதற்குப் பிறகு தம்மைப் பயணி என்று ஒருவர் அழைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.